பரீட்சைக்கென்று வைத்த வாய்

அஞ்சலையின் கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் காரை பிடித்திருந்தது. இருபது வருஷத்துக் காரை. ஆறு பற்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய சின்னச் சுவர் மாதிரி, பழுப்பும் கறுப்புமாக இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, மைசூர்க் கடைகளில் ஹொகேசொப்பு என்று கேட்டு வாங்கும் புகையிலை, இந்த நான்கும் சேர்ந்து கட்டிய சுவர் அது. அந்த வாயைப் பற்றி ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பன்னிரண்டு பெண்கள் பொறாமையோடு பேசிக்கொண்டார்கள். சித்தாள் வேலை செய்கிற ஒருத்தியின் அழுக்குப் பல்லைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று அந்தப் படிப்பின் முறை தெரியாதவர்கள்தான் கேட்பார்கள்.

அஞ்சலையின் மகள் உமாதேவி அங்கே பல் சுகாதாரப் பட்டயப் படிப்பில் சேர்ந்தது 1996 ஜூலையில். நர்ஸிங்குக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு கிடைத்த இடம். இரண்டு வருஷப் படிப்பு. பேர் கேட்டால் சொல்ல வராது. சொன்னாலும் கேட்டவருக்குப் புரியாது. ஆனால் அஞ்சலைக்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை. குவெம்பு நகரில் அவள் சிமெண்டு சுமந்த வீடுகள் அத்தனையிலும், இஞ்சினியர் முதல் வாட்ச்மேன் வரை, "என்ற புள்ள பல்லு டாக்டருக்குப் படிக்கறாங்க" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

"டாக்டர் இல்லம்மா. ஹைஜீனிஸ்ட்" என்றாள் உமா.

"அப்படின்னா?"

"பல்லைச் சுத்தம் பண்றவ. டாக்டர் வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி."

அஞ்சலை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "அட, அப்ப உனக்கும் என்ற வேலைதான். பூச்சுக்காரன் வர்றதுக்கு முந்தி செவத்தச் சொரண்டி வெக்கறது."

அஞ்சலையும் அவள் புருஷன் சென்னப்பனும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர்கள். கல்யாணமான புதிதில் கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூருக்கு வந்தவர்கள். அவர் சென்ட்ரிங் மேஸ்திரி ஆனார். அவள் சித்தாளாகவே இருந்தாள். உமா பிறந்து வளர்ந்தது அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு சந்தில், ஆறு குடித்தனங்கள் ஒரே குழாயைப் பகிர்ந்துகொண்ட வரிசை வீட்டில். பள்ளிக்கூடம் கன்னடம். சிநேகிதிகள் கன்னடம். மனசுக்குள் கணக்குப் போடுவதும் கோபத்தில் திட்டுவதும் கன்னடத்தில்தான். தமிழ் வீட்டு வாசலுக்கு உள்ளே மட்டும். அதையும் அவள் கேட்டுத்தான் வளர்ந்தாள். எழுத்தைப் பார்த்தால் ஒன்றிரண்டு தவிர அடையாளம் தெரியாது. அம்மா பேசுவது எல்லாம் தனக்குப் புரிகிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்காதவர்கள் யார்?

முதல் வருஷம் முழுக்க மனித வாயைத் தொடவே விடவில்லை. மேஜை விளிம்பில் திருகி வைத்த ரப்பர் முகமும் பிளாஸ்டிக் பற்களும் கொண்ட பொம்மைத் தலைதான். அதற்கு மாணவிகள் 'மாவா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கன்னடத்தில் மாமனார். "சொன்னவுடனே வாயைத் திறக்கற மாமனார் உலகத்துலயே இவர் ஒருத்தர்தான் கணே" என்பாள் ஸ்மிதா. 'கணே' என்றால் 'டீ'. சிவராத்திரிபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். கல்லூரியில் உமாவுக்கு ஒரே சிநேகிதி. பேனாவைப் பிடிப்பது போலக் கருவியைப் பிடிக்க வேண்டும். மோதிர விரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றிய விரல் நகர்ந்தால் கருவி ஈறைக் கிழித்துவிடும். இழுப்பது விரலால் அல்ல, மணிக்கட்டால். இதை மட்டுமே அவர்கள் மாதக்கணக்கில் செய்தார்கள். பற்களின் மேல் நகப்பூச்சைப் பூசிக் காயவைத்து, அதைச் சுரண்டி எடுத்தார்கள்.

உமா வீட்டிலும் பழகினாள். முனை மழுங்கியதால் கல்லூரியில் கழித்துப் போட்ட ஒரு கருவியைக் கேட்டு வாங்கி வந்து, அம்மாவின் சிமெண்டுச் சட்டியின் விளிம்பில் இறுகிக் கிடந்த கலவையைச் சுரண்டினாள். அஞ்சலை சட்டியை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள்.

"மெதுவா, அம்மிணி. சட்டி ஓட்டையாயிருச்சுன்னா மேஸ்திரிக்கு ஆரு பதில் சொல்றது?"

"மேஸ்திரி உன் புருஷன்தானே."

"அதனாலதான் பயமே" என்பாள்.

இரண்டாம் வருஷத்தில் உண்மையான வாய்கள் வந்தன. ஒவ்வொரு மாணவியும் எழுபது பேருக்குப் பல் சுத்தம் செய்து, பேராசிரியரின் கையெழுத்தை வாங்க வேண்டும். வெளிநோயாளியாக வருகிறவர்கள் போதவில்லை. ஆகவே மாணவிகள் நோயாளி பிடிக்கக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், கல்லூரி வாசல் ஆட்டோக்காரர், எல்லோரையும் கெஞ்சினார்கள். கூப்பிட்டால் வந்துவிடுவார்களா? "காரையை எடுத்துட்டா பல்லு ஆடும்மா, அதுதானே புடிச்சு நிறுத்தியிருக்கு" என்பார்கள். ஸ்மிதா பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வந்த மூட்டை தூக்குகிறவர், நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் வரிசையாக வைத்திருந்த கொக்கிகளைப் பார்த்தார். "தாயே, ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்" என்று போனவர் பிறகு வரவேயில்லை. அவர் கழுத்தில் கட்டியிருந்த நீலத் துணியும் அவரோடு போய்விட்டது.

இதெல்லாம் தினப்படி வேலை. பெரிய பயம் கடைசிப் பரீட்சைதான். செய்முறைப் பரீட்சைக்கு ஒவ்வொருத்தியும் தன் நோயாளியைத் தானே கூட்டி வர வேண்டும். காரை நிறைய இருக்க வேண்டும். லேசாக இருந்தால் மதிப்பெண் குறையும். நோயாளி வராவிட்டால் பரீட்சையே இல்லை. முந்தைய வருஷம் ஒரு சீனியர் பெண் காலை ஒன்பது மணியிலிருந்து வாசலிலேயே நின்றாள். அவளுடைய ஆள் வரவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் அவளால் மறுபடி எழுத முடிந்தது. அந்தக் கதையை ஒவ்வொரு வகுப்பும் அடுத்த வகுப்புக்குச் சொல்லிவிட்டுப் போனது.

இரண்டாம் வருஷம் தொடங்கியதும், 1997 ஜூலையில், பல் நிலையைக் குறித்துக்கொள்ளும் பயிற்சிக்காக உமா அம்மாவைக் கல்லூரிக்கு அழைத்துப் போனாள். பேராசிரியர் ஸ்ரீகண்டன் வந்து கண்ணாடியை விட்டு வாய் முழுதும் பார்த்தார். அன்று கன்னத்தில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. "நிறைய டெபாசிட் இருக்கே. அடுத்த வாரம் வரச்சொல்லிச் சுத்தம் பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்மிதா உமாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஏய், பைத்தியமா உனக்கு? இதைப் போய் அடுத்த வாரம் காலி பண்ணுவியா? பரீட்சைக்கு வச்சுக்கோ கணே. பெத்த அம்மா, கண்டிப்பா வருவாங்க. எனக்கு இப்படி ஒரு வாய் கிடைச்சா தினம் கோயிலுக்குப் போவேன்."

அடுத்த வாரம் உமா பதிவேட்டில், நோயாளி வரவில்லை என்று எழுதினாள்.

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். "பரீட்சை வரைக்கும் உன் பல்லை யாரும் தொடக்கூடாதும்மா. எங்கேயாவது பல் முகாம், இலவச ஊசின்னு கூப்பிட்டா போயிடாதே."

"என்ற வாய்க்கு இத்தன மரியாதையா!" என்று அஞ்சலை வியந்தாள். சாயங்காலம் குழாயடியில் பக்கத்து வீட்டு மல்லம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள். "உமா பரீட்சைக்கு நாந்தாங்க. நான் போகலீன்னா பரீட்சையே நடக்காதாம்." மறுநாளிலிருந்து பல் துலக்கும்போது உள்பக்கம் விரலை அழுத்தாமல் விட்டாள். அழுத்தித் தேய்த்தால் மகளுடைய காரை கரைந்துவிடுமோ என்று.

உமா மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்த ஆறு பற்களைத்தான் பார்த்தாள். சுவர் பத்திரமாக இருந்தது. திருப்தியோடு டார்ச்சை அணைத்துவிடுவாள்.

அந்த மழைக்காலத்தில் ஸ்ரீகண்டன் புகையிலையைப் பற்றி இரண்டு வகுப்புகள் எடுத்தார். அறையை இருட்டாக்கித் திரையில் படம் காட்டினார். வெள்ளைத் திட்டுகள், கன்னத்துக்குள் வெடித்த புண்கள். பாதிப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உமா திருப்பவில்லை, பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும், "அம்மா, இந்த ஹொகேசொப்பை விட்டுடணும்" என்றாள்.

"பசிக்கு அடங்குது, கண்ணு. ரெண்டாவது மாடிக்குச் சட்டி தூக்கறப்ப அதுதான் தெம்பு."

"அதெல்லாம் இல்ல. பரீட்சை முடிஞ்ச மறுநாளே நிறுத்திடணும். சத்தியம் பண்ணு."

அஞ்சலை சத்தியம் செய்தாள். பரீட்சை முடிந்த மறுநாள் என்று மகள் ஏன் சொன்னாள் என்பதை அவள் கேட்கவில்லை. உமாவும் அதைத் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை.

தீபாவளி போய், குளிர் தொடங்கிய ஒரு காலையில் அஞ்சலை வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள். "உமா, இந்த இடது கன்னத்துக்குள்ள உரியுது கண்ணு."

உமா பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "காரம் தின்னா உரியுதா?"

"காரந் தின்னாலும் உரியுது, திங்கலீன்னாலும் உரியுது."

"ரொம்ப நாளாவா?"

"ஒரு மாசம் இருக்கும்."

இதில் நடந்தது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அஞ்சலை சொன்னது தமிழ்ச் சொல். தோல் உரிகிறது, வெள்ளையாகக் கழன்று வருகிறது என்று அவள் சொன்னாள். உமா கேட்டது கன்னடச் சொல். கன்னடத்தில் 'உரி' என்றால் எரிச்சல். நாள் முழுதும் கல்லூரி நாற்காலியில் உட்காருகிறவர்கள் அவளிடம் சொல்வது அந்தச் சொல்லைத்தான்: பாயி உரி, அக்கா, பாயி உரி. வாய் எரிகிறது. வாய் எரிந்தால் சத்துக் குறைவு, வைட்டமின் மாத்திரை என்பது அவளுக்குப் பழகிப் போன பதில். ஒரே சொல்லைத் தாயும் மகளும் நான்கு முறை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒருத்தி ஒன்றைச் சொன்னாள், மற்றவள் வேறொன்றைக் கேட்டாள். இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

சாயங்காலம் உமா பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்தாள். "தினம் ஒண்ணு. பத்து நாள்ல உரி போயிடும்."

மகள் கொடுத்த முதல் மருந்து. அஞ்சலை அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டாள். சங்கராந்திக்கு உமா ஞாபகமாகக் கேட்டாள். "இன்னும் உரியுதாம்மா?" "உரிஞ்சுட்டுத்தான் இருக்குது." இன்னொரு அட்டை வந்தது. பிறகு அஞ்சலை சொல்வதை விட்டுவிட்டாள். உமாவும் கேட்பதை விட்டுவிட்டாள். அவளுக்குப் படிக்க ஒன்பது நோட்டுகள் இருந்தன.

பரீட்சை 1998 ஜூலையில், ஒரு வியாழக்கிழமை. அஞ்சலை வேலைக்குப் போகாமல், தலைக்கு எண்ணெய் வைத்து, தீபாவளிக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து வெற்றிலை போடவில்லை. ஸ்மிதாவின் நோயாளி லிங்கப்பன் என்ற ஓய்வுபெற்ற கண்டக்டர், அவரும் வந்துவிட்டார். வராந்தாவில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஏதோ பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. "எல்லாரும் நம்ம வாயைத்தான் பாக்கறாங்க" என்று லிங்கப்பன் கன்னடத்தில் சொல்ல, அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வெளியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி ஓர் அம்மாள். சேலத்துக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். உமா எழுதி வைத்த தாளை எடுத்துப் படித்தார். பெயர் அஞ்சலை, வயது நாற்பத்திரண்டு, தொழில் கட்டட வேலை, புகையிலைப் பழக்கம் உண்டு, இடது கன்னத்தில் பர்னிங் சென்சேஷன் எட்டு மாதமாக. பெயரைப் பார்த்ததும் தமிழில் கேட்டார். "என்னம்மா, வாய்ல என்ன பண்ணுது?"

மைசூரில் ஒரு டாக்டர் தமிழில் கேட்டது அஞ்சலைக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. "இந்தக் கன்னத்துல உரியுதுங்க."

அந்த அம்மாள் தாளை மறுபடி பார்த்தார். "எரியுதா, உரியுதா?"

"எரிச்சலெல்லாம் இல்லீங். மொளகாயக் கடிச்சுத் திம்பனுங். இது தோலு தோலா உரிஞ்சு வருமுங், வெள்ளையா. நாக்குலயே தள்ளித் துப்பிருவேன். இப்ப ரெண்டு மாசமா அந்த எடத்துல கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்."

உமா கையில் கண்ணாடியோடு நின்றாள். அவளுக்குள் அந்தச் சொல் தமிழாகத் திரும்பியது.

அதிகாரி கண்ணாடியை வாங்கி, பற்களைத் தாண்டி, கன்னத்தை ஒதுக்கிக் கடைசிவரை பார்த்தார். விரலால் அழுத்தினார். பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தோரம், மெதுவாகத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். இருவரும் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசிக்கொண்டார்கள். இருட்டறை வகுப்பில் நோட்டில் எழுதிக்கொண்ட வார்த்தைகள்தான்.

"இதை நீ பாக்கலையா?" என்று அதிகாரி தணிந்த குரலில் கேட்டார்.

உமா அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள்.

"பல்லை மட்டும்தான் பாத்தியா?"

உமா தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். தாளில் நோயாளியின் முகவரியும் மாணவியின் முகவரியும் ஒன்றாக இருந்ததைக் கவனித்தாரோ என்னவோ. "உன் வேலையை முடி. இப்ப நீ நிறுத்தினா அவங்கதான் பயப்படுவாங்க. நிதானமாச் செய்."

உமா உட்கார்ந்தாள். மோதிர விரலை ஊன்றினாள். எடுத்தாள். மறுபடி ஊன்றினாள். கருவி இறங்கியது. முதல் துண்டு தகரத் தட்டில் டிக்கென்று விழுந்தது. அப்புறம் கை தானாகவே வேலை செய்தது. இரண்டு வருஷம் பழகிய கை; யார் வாய் என்று அதற்குத் தெரியவேண்டியதில்லை. கீழ்வரிசைக்குப் பின்னால் இருந்த அந்தச் சுவர் ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. எந்த மாணவிக்கும் வாய்க்காத விஷயம் அது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஸ்மிதா திரும்பிப் பார்த்தாள், கண்ணாலேயே கைதட்டினாள். ஒரு சொட்டு ரத்தம்கூட அதிகமாக வரவில்லை. முடியும்வரை அஞ்சலை ஒரு சத்தமும் போடவில்லை. வாய் கொப்பளித்த பிறகு நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தாள்.

"பல்லுக்கு நடுவுல காத்து வருது கண்ணு" என்றாள், ஆச்சரியத்தோடு.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோதுதான் அவள் முகம் மாறியது. "அந்தம்மா உன்னய என்னமோ கேட்டாங்களே. நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப் போட்டனா? உனக்கு மார்க்குக் கொறஞ்சு போச்சா?"

"இல்லம்மா."

"கெட்டியா இருக்குதுன்னு சொல்லீருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது எனக்கு."

"நீ சரியாத்தாம்மா சொன்னே" என்றாள் உமா. மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அதைப் பரீட்சைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். பதில் வந்த வாரத்திலேயே சென்னப்பன் வேலையை வேறொரு மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு, இருவரையும் பெங்களூருக்கு அழைத்துப் போனார். கழுத்துக் கழலைக்கும் பரவிவிட்டதால் அறுவைக்கு நேரம் தாண்டிவிட்டது. கதிர்வீச்சு வைக்கலாம் என்றார்கள். கதிர் வைப்பதற்கு முன்னால் பற்களை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பின்னால் தாடை எலும்பு ஆறாது. அதற்கான காரணத்தை அங்கிருந்த டாக்டர் விளக்க ஆரம்பித்தபோது, "தெரியும் சார்" என்றாள் உமா. பாடத்தில் இருந்தது.

இருபத்தாறு பற்கள். மூன்று நாளில் எடுத்தார்கள். உமா சுத்தம் செய்த பத்தொன்பதாம் நாள் கடைசிப் பல் வந்தது. எடுத்தவர் அதைத் துணியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க" என்று நர்ஸிடம் சொன்னார். அஞ்சலைக்குக் கன்னடம் புரியும். பஞ்சைக் கடித்தபடி மகளை நோக்கிக் கையைக் காட்டினாள்: இவள்தான்.

அந்த மாதக் கடைசியில் பரீட்சை முடிவு வந்தது. உமா முதல் வகுப்பு. செய்முறையில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். ஸ்மிதா தகவலோடு மைசூர்பாக்கும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அஞ்சலை தின்ன முடியாது என்பது வாசலில் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அஞ்சலை அதைப் பிடுங்கி, ஒரு துண்டை எடுத்து ஸ்மிதாவின் வாயில் வைத்தாள்.

கதிர் முடிந்து வீட்டோடு இருந்த நாட்களில் மல்லம்மா தினமும் ராகி அம்பலி காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கொண்டுவருவாள். அவளுக்கு மனசில் இருப்பதை வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு நாள் தம்ளரை நீட்டிக்கொண்டே, தன் கன்னடம் கலந்த தமிழில் பொரிந்தாள்.

"நான் சங்கராந்தியிலேயே சொன்னேன், பெரிய ஆஸ்பத்ரிக்கு பா, தோர்ஸ்கொண்டு, காட்டிட்டு வரலாம்னு. கேட்டாளா இவ?"

அஞ்சலை வேண்டாம் என்பது போலக் கையை அசைத்தாள்.

"என்ன, பாயி முச்சு, வாயை மூடுன்னு சைகை காட்டறே? சொல்றேன் இரு. உமா, உங்கம்மா என்ன சொன்னா தெரியுமா? அங்கே போனா முதல்ல பல்லைக் கழுவிட்டுத்தான் பார்ப்பாங்களாம். கழுவிட்டா புள்ள பரீட்சைக்கு என்ன பண்ணுவான்னா. ஆஷாடம் முடியட்டும், பரீட்சை ஆகட்டும்னு என்னையே சும்னிருக்கச் சொன்னா. சும்னிருந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

உமா அம்மாவைப் பார்த்தாள். அஞ்சலை அம்பலியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். ஆறிப் போன அம்பலியை ஏன் கலக்க வேண்டும்? அவள் பேச்சு அப்போது வீட்டாருக்கு மட்டும் புரிகிற அளவுக்குக் குழறிப் போயிருந்தது. கரண்டியை வைத்துவிட்டு ஒன்று சொன்னாள். உமா பக்கத்தில் குனிந்து, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் கேட்டாள்.

"நீ பாஸாயிட்டயல்ல."

உமா வேலைக்குப் போகவில்லை. ஸ்மிதாவுக்கு சரஸ்வதிபுரத்து கிளினிக் ஒன்றில் இடம் கிடைத்தது. இன்னொரு இடம் காலியிருக்கிறது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். உமா வீட்டில் இருந்தாள். காலையும் மாலையும் உப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் துணியை நனைத்து, விரலில் சுற்றி, அம்மாவின் வாயைத் துடைத்தாள். கதிர் பட்ட தாடை இறுகிக்கொண்டே வந்தது. மார்கழியில் வாய்க்குள் இரண்டு விரல் நுழைந்தது. தை முடிவில் ஒன்று. அவள் இப்போது எல்லா இடத்தையும் பார்த்தாள். கன்னம், நாக்கின் அடி, தொண்டையோரம். எதையும் விடாமல் பார்த்தாள். சென்னப்பன் வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைப்பார், உடனே அணைத்துவிடுவார். மகளை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, "உங்கம்மா ஆரு பேச்சையும் கேக்க மாட்டா, உனக்குத் தெரியாதா" என்று ஆறுதலாகச் சொல்லப் பார்த்தார். அஞ்சலை சொன்ன பேச்சையெல்லாம் கேட்டவள் என்பது அவருக்கும் தெரியும். பாதியிலேயே எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

1999 மார்ச்சில், யுகாதிக்கு நாலு நாள் இருக்கும்போது, அஞ்சலை காலமானாள். விடிந்து வெயில் ஏறியிருந்த நேரம். ஹனூரிலிருந்து சொந்தக்காரர்கள் மதியத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். குளிப்பாட்டி, பச்சைப் புடவையைச் சுற்றி, வாசலில் கிடத்தினார்கள். எடுக்கும் முன் பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாக நின்றார்கள். முதலில் போட வேண்டியவள் மகள்.

சென்னப்பனின் அக்கா மாரியம்மா முறத்தை நீட்டினாள். "போடு, கண்ணு." பிறகு குனிந்து பார்த்தவள், "வாய் இறுகிக் கெடக்குதே" என்றாள். கூட்டத்தில் ஒருத்தி தாடையைக் கட்டியிருந்த துணியை உருவிவிடச் சொன்னாள். இன்னொருத்தி உதட்டைத் தேய்த்துவிடச் சொன்னாள். மாரியம்மா உமாவின் கையைத் தொட்டாள். குரலில் கபடம் ஒன்றுமில்லை. "நீதான் அதுக்குப் படிச்சவ. கொஞ்சம் தொறந்து உடு."

உமா மண்டியிட்டாள். வலது கையில் அரிசி இருந்தது. இடது கையின் ஆள்காட்டி விரலை உதட்டோரத்தில் வைத்தாள். எட்டு மாதமாக வைத்த இடம். விரல் பட்டவுடன் கொஞ்சமாவது திறந்துகொள்கிற வாய் அது.

"ஆ காட்டும்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. சுற்றி நின்றவர்களின் அழுகை சட்டென்று நின்றது. மல்லம்மா சேலையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். உமா விரலை எடுக்கவில்லை. சற்று நேரம், பதில் வரும் என்று நினைக்கிறவள் போல, அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரிசியை உதட்டின் மேலேயே வைத்தாள். பாதி கழுத்தோரம் சரிந்தது.

மாரியம்மா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் அரிசியோடு நின்றார்கள். உமா அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.